பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காகவே எழுத வேண்டும்

திருத்தணிப் பக்கம் அறுபதைத் தாண்டிய யாரிடமாவது, “நாளைக்குப் பேச்சும் நினைவும் தப்பிப் படுத்துவிட்டால் உங்கள் சார்பில் யார் கையெழுத்துப் போடுவது? ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “பெத்த புள்ளைங்க இருக்கும்போது எழுத்து எதுக்கு?” கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போன்ற ஒரு பார்வையும் கூடவே வரும். பிள்ளைகளைக் கேட்டாலும் அதையே மறுபக்கத்திலிருந்து சொல்வார்கள்: “நைனாகிட்டப் போய் எழுதிக் குடுன்னு எப்படிக் கேக்கிறது? நாங்க பார்த்துக்க மாட்டோமா?”

இந்தப் பதிலில் பாசம் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அது உண்மையான பாசம். ஆனாலும் பதில் தவறு, அதுவும் பெரிய கேடு விளைவிக்கும் தவறு. பிள்ளை கெட்டவனாக இருந்தால்தான் எழுத்து தேவை என்று இது நினைக்கிறது. நடப்பது நேர்மாறு. கைவிட்டுப் போகிற மகனுக்கு எந்தத் தாளும் வேண்டாம். பஸ் ஏறிப் போய்விடுவான். கூடவே இருந்து மலம் மூத்திரம் அள்ளி, ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் ஓடுகிற பிள்ளையின் கையில்தான் தாள் இருந்தாக வேண்டும். எழுதி வைக்காமல் விடும் பெற்றோர் கடைசியில் தண்டிப்பது அந்தப் பிள்ளையைத்தான்.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். திருத்தணியை ஒட்டிய நெசவாளர் ஊர். எழுபத்திரண்டு வயது அம்மா, கணவர் இல்லை. வீடும் அதை ஒட்டிய தறிக்கூடமும் அம்மா பெயரில். பெரிய மகன் அதே கூடத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். சின்னவருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. மகளை நகரியில் கொடுத்திருக்கிறார்கள். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிகிறது. எலும்பு என்றால் இந்தப் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது புத்தூர்க் கட்டு. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து படுத்தவர் எழவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது, எதிரில் நிற்பது மகனா மருமகளா என்று தெரியவில்லை. வைத்தியத்துக்குப் பெரியவருக்கு இப்போது ஐந்து லட்சம் தேவை. அம்மாவின் வைப்புத்தொகை வங்கியில் இருக்கிறது, அவருடைய தனிப்பெயரில். வீட்டை அடமானம் வைக்கலாம், அதற்கும் அம்மாவின் கையெழுத்து வேண்டும். வங்கியில் நாமினி இந்த மகன்தான், ஆனால் நாமினிக்குப் பணம் வருவது கணக்கு வைத்திருப்பவர் இறந்த பிறகு. உயில்கூட இருக்கிறது, அதுவும் வாய் திறப்பது இறப்புக்குப் பிறகு. அம்மா உயிரோடு இருக்கிறார் என்ற ஒரே காரணத்தால், அம்மாவின் பணம் அம்மாவுக்கே உதவாமல் நிற்கிறது.

பெயர்களையும் தொழிலையும் மாற்றிப் போட்டால் இந்தக் கதை எந்தத் தெருவுக்கும் பொருந்தும். இதில் கெட்ட பிள்ளை யாருமில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்று பேரும் அம்மாமேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். பாசத்தில் ஒரு குறையும் இல்லை. அதிகாரம்தான் இல்லை.

“அதுக்குத்தான் பவர் வாங்கி வச்சிருக்கோமே” என்பது அடுத்த பதில். விவரம் தெரிந்தவர்கள் சொல்வது. அதனாலேயே இதில் ஆபத்து அதிகம். பத்திர எழுத்தரிடம் போய், முத்திரைத்தாளில் பொது அதிகாரப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் ரேகை வைத்துப் பதிந்து, பீரோவில் பூட்டியும் வைத்துவிடுகிறார்கள். மகன் எதையும் செய்யலாம், விற்கலாம், அடமானம் வைக்கலாம், வங்கியில் கையெழுத்துப் போடலாம் என்று நான்கு பக்கத்துக்கு அதில் எழுதியிருக்கும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 201-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ, சித்த சுவாதீனம் இழந்தாலோ முகவருக்குக் கொடுத்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. அம்மா நன்றாக நடமாடி, தானே வங்கிக்குப் போக முடிந்த காலமெல்லாம் அந்தப் பவர் செல்லும். அவருக்கு நினைவு தப்பிய அன்று, அதாவது மகனுக்கு முதல்முதலாக அது உண்மையிலேயே தேவைப்படும் அன்று, பவர் செத்துப்போகிறது. முகவருக்கே அந்தச் சொத்தில் சொந்தப் பங்கு இருந்தால் மட்டும் 202-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. சும்மா உதவிக்கு நிற்கும் மகனுக்கு அந்த விலக்குப் பொருந்தாது.

பவர் முகவர் ஒரு பத்திரத்தைப் பதிய வந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவர் தந்த சான்றைக் கேட்பது நம் பதிவு அலுவலகங்களின் நடைமுறை. உயிர் இருக்கிறதா என்றுதான் அந்தச் சான்று சொல்லும். நினைவு இருக்கிறதா என்று சொல்லாது. அதனால் செத்த பவரை வைத்துப் பத்திரம் பதிந்துகொண்டு வந்துவிடவும் முடியும். பதிந்த பிறகுதான் வினை தொடங்கும். அம்மா போன பிறகு, பாகப் பேச்சில் ஒரு வார்த்தை தடித்துவிட்டால் தம்பியோ தங்கையோ மருத்துவமனைச் சீட்டோடு நீதிமன்றத்துக்குப் போவார்கள். “இந்தத் தேதியில் அம்மாவுக்கு ஆளே தெரியாது, அப்புறம் எப்படி அண்ணன் வீட்டை விற்றார்?” வைத்தியத்துக்காக விற்ற அண்ணன், அம்மாவை ஏமாற்றி விற்ற அண்ணனாகக் கூண்டில் நிற்பார்.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. படுத்திருப்பவரின் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து ரேகை வாங்கிவிடுவது. கை வராத, ஆனால் புத்தி தெளிவாக இருக்கிற நோயாளியிடம் ரேகை வாங்க முறையான ஏற்பாடே இருக்கிறது: வங்கிக்கு அறிமுகமான இரண்டு சாட்சிகள் முன்னால், அவர்களில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க, ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் சொல்கிறது. புரியாத ஒருவரின் விரலைப் பிடித்து அழுத்துவது அந்த வகையில் சேராது. அது மோசடி. எத்தனையோ நல்ல பிள்ளைகள் வேறு வழி தெரியாமல் இதைச் செய்திருப்பார்கள். செய்துவிட்டுத் தூக்கம் வராமலும் கிடந்திருப்பார்கள். அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளியது யார்? எழுத்து எதுக்கு என்று கேட்ட நாம்தான்.

சரி, கோர்ட்டுக்குப் போகலாமே என்பார்கள். ஒரு காலத்தில் அதற்கு ஒரு கதவு இருந்தது. 1912-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும், அதற்குப் பின் வந்த 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்திலும், மாவட்ட நீதிமன்றம் விசாரித்து, மனநலம் குன்றியவரின் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கலாம் என்று இருந்தது. 2017-இல் இயற்றி 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. நோயாளியின் உரிமைகளைப் பொறுத்தவரை அது நல்ல சட்டம்; ஆனால் சொத்து நிர்வாகத்துக்கான அத்தியாயத்தை அது எடுத்துக்கொள்ளவே இல்லை. பாதுகாவலர் சட்டம் 1890 பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்ற குறிப்பிட்ட சில குறைபாடுகளுக்கானது. முதுமையில் வரும் மறதி நோய் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, அறுபது எழுபது வயதில் நினைவிழந்தவரின் வீட்டையும் பணத்தையும் அவருக்காக யார் நிர்வகிப்பது என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் நாட்டில் இல்லை.

இந்த ஓட்டையை உயர் நீதிமன்றங்கள் தங்கள் தனி அதிகாரத்தால் அடைத்து வருகின்றன. கோமாவில் கிடப்பவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்க 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2024 மே மாதம் முடிந்த ஒரு வழக்கை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். கணவர் கோமாவில். வைத்தியச் செலவுக்கு அவர் பெயரில் இருக்கும் சொத்தை விற்க வேண்டும் என்று மனைவி ரிட் மனு போட்டார். தனி நீதிபதி, இதற்கு ரிட்டில் இடமில்லை, சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், பி.பி. பாலாஜி அமர்வு அதை மாற்றி, மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. கோமாவில் இருப்பவரைக் கவனிப்பது எவ்வளவு கடினம், அதற்குப் பணம் எவ்வளவு தேவை என்பதையும் சொல்லி, விற்ற பணத்தில் ஐம்பது லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை விற்க அனுமதித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் வழக்குப் போட்டது யார்? தாலி கட்டிய மனைவி. அவர்கூட கணவரின் சொத்தை அவருடைய வைத்தியத்துக்கே செலவழிக்க உயர் நீதிமன்றத்தில் இரண்டு படி ஏற வேண்டியிருந்தது. பாசம் போதும் என்பவர்கள் இந்த ஒரு வழக்குக்காவது பதில் சொல்ல வேண்டும்.

ஊரில் பெரியவர்கள் சொல்லும் இரண்டு அறிவுரைகள் உண்டு, ஒன்றுக்கொன்று எதிரானவை. முதலாவது: “மூச்சு இருக்கிற வரைக்கும் எதையும் எழுதிக் குடுக்காதே, சாவி உன் இடுப்புலயே இருக்கட்டும்.” கைவிடப்பட்ட பெற்றோரைப் பார்த்துப் பார்த்துப் பிறந்த எச்சரிக்கை இது, பாதி சரியானதும்கூட. ஆனால் புத்தி தப்பிய நாளில் அந்தச் சாவி யாருக்கும் பயன்படாது, சொந்தக்காரருக்கே பயன்படாது. இரண்டாவது: “இப்பவே பெரியவன் பேருக்கு எழுதிடு, நன்றியோட பார்த்துப்பான்.” தான செட்டில்மெண்ட் பத்திரங்கள் பலவற்றின் பின்னால் இருப்பது இந்த நம்பிக்கைதான்.

அந்தப் பத்திரத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். என்மீது உனக்குள்ள பிரியத்தினாலும் உன்மீது எனக்குள்ள அன்பினாலும் என்று தொடங்கும். இன்று முதல் நீயே சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று நடுவில் வரும். எக்காலத்திலும் எக்காரணத்தை முன்னிட்டும் இந்தச் செட்டில்மெண்டை ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை என்று முடியும். எழுதிக் கொடுக்கும் அம்மா இனி எங்கே படுப்பார், யார் சோறு போடுவார், மருந்துச் செலவு யாருடையது என்று ஒரு வரியாவது அதில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. பழைய பத்திரத்தின் நகலை வைத்துக்கொண்டு பெயரையும் சர்வே எண்ணையும் நான்கு எல்லைகளையும் மட்டும் மாற்றினால், வேறென்ன கிடைக்கும்? அந்த மேசையில் உட்கார்ந்து “அம்மாவைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கணும்னு ஒரு வரி சேருங்க” என்று சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். சொன்னால் மகனுக்குக் கோபம். எழுத்தருக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறார்.

அந்த ஒரு வரிக்கு எவ்வளவு மதிப்பு என்பதை உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் காட்டியது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007. அதன் 23-ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்கத் தவறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். திருத்தணிக்காரர்களுக்கு அதற்கான தீர்ப்பாயம் ஊரிலேயே, கோட்டாட்சியர் அலுவலகத்தில். ஆனால் அப்படி ஒரு நிபந்தனை இருந்ததென்று காட்டினால்தான் 23-ஆம் பிரிவு பொருந்தும், வெறும் அன்பினால் கொடுத்தது என்றால் பொருந்தாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு தாய்க்குச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினம் வழக்கில் ஒரு படி மேலே போய், அன்பினால் கொடுத்தேன் என்பதிலேயே என்னைப் பார்த்துக்கொள் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது. மனம் நிறைகிற தீர்ப்புதான். ஆனால் நிபந்தனையை எழுதாமல் விட்டவர்கள் இந்தத் தீர்ப்புகளில் எது தங்களுக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொள்ள எண்பது வயதில் வழக்காட வேண்டும்.

நாகப்பட்டினம் வழக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அந்தத் தாய் சொத்தை எழுதிக் கொடுத்தது மகனுக்கு. அந்த மகன் தாய்க்கு முன்னால் இறந்துபோனார். அதன் பிறகு மருமகள் கவனிக்கவில்லை என்பதே புகார். “என் புள்ளை என்னைக் கைவிட மாட்டான்” என்று அந்தத் தாய் நம்பியிருந்தால், அந்த நம்பிக்கை பொய்யாகக்கூட இருந்திருக்காது. பிள்ளை கைவிடவில்லை, பிள்ளை போய்விட்டார். வாயால் கொடுத்த வாக்கும் அவரோடு போயிற்று. பத்திரத்தில் எழுதிய நிபந்தனை என்றால் சொத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். யார் கைக்குப் போனாலும் கூடவே போகும். நல்ல பிள்ளை உள்ளவர்களும் எழுத வேண்டும் என்று நான் வாதாடுவது இதனால்தான்.

கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் ஜீவனாம்சம் கிடைக்குமே என்போருக்கு ஒரே ஒரு தகவல். 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். அந்த வரம்பை எடுத்துவிட 2019-இல் மக்களவையில் வந்த மசோதா நிறைவேறாமலே போயிற்று. படுத்த படுக்கையாகக் கிடப்பவரைக் கவனிக்க வீட்டோடு ஓர் ஆளை வைத்துக்கொள்ள மாதம் எவ்வளவு ஆகிறது என்று யாரிடமாவது விசாரித்துவிட்டு, அந்தப் பத்தாயிரத்தைப் பற்றிப் பேசுங்கள்.

எழுதினால் அபசகுனம் என்பது நெஞ்சறிந்த பயம். அதை வாதத்தால் வெல்ல முடியாது; மதிக்கலாம். ஆனால் இதே ஆட்கள் ஆயுள் காப்பீடு எடுக்கிறார்கள், ‘இறந்தால் யாருக்கு’ என்ற கட்டத்தில் தயங்காமல் பெயரை நிரப்புகிறார்கள். சாவைப் பற்றி எழுதுவதற்கு இல்லாத அபசகுனம், படுக்கையில் கிடப்பதைப் பற்றி எழுதினால் மட்டும் எங்கிருந்து வருகிறது?

இதெல்லாம் சொத்துக்காரர்கள் விவகாரம் என்று ஒதுக்குவதும் சரியல்ல. பத்து வீடு உள்ளவருக்கு வழக்கறிஞர் இருக்கிறார், கணக்காளர் இருக்கிறார், ஒரு கணக்கு முடங்கினால் இன்னொன்று ஓடும். ஒரே ஒரு வீடும், ஒரே ஒரு வைப்புத்தொகையும், ஓய்வூதியம் வந்து விழும் ஒரு கணக்கும் உள்ளவர்தான் அசையமுடியாமல் மாட்டிக்கொள்கிறார்.

எழுத்தில்லாத உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்று இந்த ஊருக்குத் தெரியாதா? 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. இங்கே தமிழ் பேசினார்கள், தமிழில் முருகனைக் கும்பிட்டார்கள், எல்லாருக்கும் அது தெரிந்தும் இருந்தது, ஆனாலும் ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் ஆண்டுக்கணக்கில் போராடி, படாஸ்கர் சமரசம் பேசி, 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஊர் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. கிராமம் கிராமமாக எழுதிய பிறகே அது நிலைத்தது. அந்த எல்லைக்கோடு இன்றும் பல குடும்பங்களின் நடுவில் ஓடுகிறது. வீடு இங்கே, மாந்தோப்பு நகரிப் பக்கம். மகன் இங்கே, மகள் புத்தூரில். நிலம் எந்தப் பதிவு எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் அதன் செட்டில்மெண்டைப் பதிய வேண்டும். உயிலை மட்டும் எங்கே வேண்டுமானாலும் பதியலாம். ஜீவனாம்ச மனுவைப் பெற்றோர் குடியிருக்கும் மாவட்டத்திலோ, பிள்ளை குடியிருக்கும் மாவட்டத்திலோ போடலாம். அதற்கு மாநில எல்லை தடையில்லை. இரண்டு மாநிலத்தில் கால் வைத்திருக்கும் குடும்பங்கள் மற்றவர்களைவிட முந்தியே உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

என்னதான் எழுதுவது? ஒரே தாளில் எல்லாம் முடியாது என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். அன்றாடச் செலவுக்கு, கவனிக்கப்போகும் பிள்ளையோடு ‘இருவரில் ஒருவர்’ இயக்கும் கூட்டுக் கணக்கு. வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்னால் எடுக்கப் பல வங்கிகள் இருவர் கையெழுத்தையும் கேட்கும். ஒருவரே எடுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டைச் செட்டில்மெண்ட் எழுதுவதாக இருந்தால் ஆயுள் வரை குடியிருந்து அனுபவிக்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, சாப்பாடு, உடை, மருத்துவம், உடனிருந்து கவனிப்பு எல்லாவற்றையும் நிபந்தனையாகத் தெளிவாகச் சேர்க்க வேண்டும். ஆயுள் உரிமையை வைத்துக்கொண்டால் பிற்பாடு அடமானத்துக்கு வங்கி அம்மாவின் கையெழுத்தையும் கேட்கும் என்ற சிக்கல் இருக்கிறது. அம்மா செயலிழந்தால் அவருடைய வைத்தியத்துக்காக மட்டும் கடன் வாங்கலாம் என்ற ஏற்பாட்டையும் வழக்கறிஞரிடம் கேட்டு அதே பத்திரத்தில் எழுதிவிடுவது நல்லது. சொத்து கொஞ்சம் அதிகம், அல்லது பிள்ளையே இல்லை என்றால், 1882-ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டப்படி ஒரு தனியார் அறக்கட்டளை வைக்கலாம். பவர் போல அது நினைவோடு சேர்ந்து சாவதில்லை. மருத்துவர் சான்று தந்த நாளில் அடுத்த அறங்காவலர் பொறுப்பேற்பார் என்று முன்பே எழுதி வைத்துவிடலாம்.

உடம்பைப் பற்றிய எழுத்து வேறு. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, எனக்கு முடிவெடுக்கும் திறன் போய்விட்டால் மனநலச் சிகிச்சை விஷயத்தில் என் சார்பில் இவர் பேசட்டும் என்று ஒருவரை நியமிக்க அனுமதிக்கிறது. முத்திரைத்தாள்கூட வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வைத்தால் போதும். சொத்தை இது தொடாது, சிகிச்சைக்கு மட்டும். எனக்கு இன்ன மாதிரி சிகிச்சை வேண்டும், இன்னது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் அதே சட்டத்தில் இடமுண்டு.

இனி, யாரும் பேச விரும்பாத இடம். மீள வழியில்லை என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் குழாயிலும் இயந்திரத்திலும் உயிரை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? இதை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஏற்றுக்கொண்டது. முதலில் நீதித்துறை நடுவர் முன் கையெழுத்து என்று வைத்த கடினமான விதியை 2023 ஜனவரியில் தளர்த்தியது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரியோ கெஜட் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றொப்பம் செய்தால் போதும். யார் பேச வேண்டும் என்று நெருங்கியவர் பெயரையும் அதில் குறிப்பிட வேண்டும். இது இல்லாத வீட்டில் நடப்பது என்ன? தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்துகொண்டு வந்து மருத்துவர் கேட்கிறார்: “என்ன செய்யலாம், சொல்லுங்க.” மகன் தம்பியைப் பார்க்கிறார், தம்பி தங்கையைப் பார்க்கிறார். நிறுத்தலாம் என்று யார் வாயைத் திறந்தாலும் அம்மாவைக் கொன்ற பழி அவர்மேல் விழும். வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் துணிவு வராது. அம்மாவின் மிச்ச நாட்கள் அவர் கேட்காத வேதனையில் போகின்றன. வீடு கடனில் மூழ்குகிறது. அந்தப் பழியைச் சுமந்தவர்கள் ஆயுளுக்கும் சுமக்கிறார்கள். அம்மாவே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால், அந்தக் கேள்விக்கு அம்மாவே பதில் சொல்லியிருப்பார். பெற்ற பிள்ளைக்கு இதைவிடப் பெரிதாக எதை எழுதி வைக்க முடியும்?

“இன்னும் காலம் இருக்கு” என்பதுதான் கடைசி மறுப்பு. இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாகத் தேசிய அளவிலான ஆய்வொன்று கணித்திருக்கிறது. அது ஒரே நாளில் வருவதில்லை. அடுப்பை அணைக்க மறப்பதும், பழகிய தெருவில் வழி தவறுவதுமாகச் சில காலம் நகரும். எழுதும் நாளில் எழுதுபவருக்கு விவரம் தெரிந்திருந்ததா என்பதைத்தான் சட்டம் பார்க்கும். நோயின் தொடக்கத்தில் இருப்பவரும் தெளிவான ஒரு நாளில், அன்றே மருத்துவர் தந்த சான்றோடு, எழுதலாம். நடக்க முடியாதவருக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிந்துகொள்ளவும் பதிவுச் சட்டம் 1908 வழி செய்கிறது. ஆனால் வந்தவர், எதிரில் இருப்பவருக்குச் சுயநினைவு சரியில்லை என்று கண்டால், 35-ஆம் பிரிவின்படி பதிவை மறுத்தாக வேண்டும். அதன் பிறகு உயர் நீதிமன்றம்தான்.

இவ்வளவையும் துண்டு துண்டாகக் குடும்பங்களின் தலையில் போடுவது அரசின் குற்றமே. இங்கிலாந்தில் 2005-இல் இயற்றிய மனத்திறன் சட்டம், நினைவு தப்பிய பிறகும் செல்லுபடியாகும் நிலைத்த அதிகாரப் பத்திரத்துக்கு வழி செய்தது. சிங்கப்பூர் 2008-இல் அதேபோல் ஒரு சட்டம் இயற்றி 2010-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அங்கே வாழும் தமிழர்கள் நல்ல உடம்போடு இருக்கும்போதே மகளையோ மகனையோ நியமித்துப் பதிந்து வைக்க முடிகிறது. அதே மகளின் சித்தப்பா திருத்தணியில் இருந்தால் அவருக்கு அந்த வசதி இல்லை. ஒப்பந்தமும் முகவர் நியமனமும் அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலில் 7-ஆம் இனமாக இருக்கின்றன. ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுக்குத் தமிழ்நாட்டளவில் ஒரு விதிவிலக்கைச் சட்டமன்றம் இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பலாம். மத்தியச் சட்டம் ஒன்றை நம் மாநிலத்துக்கேற்பத் திருத்துவது நமக்குப் புதிதுமல்ல; 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கிய மாநிலம் இது. 2031-இல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அறுபதைத் தாண்டியிருப்பார்கள் என்கிறது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. அதிகாரம் கொடுத்தவர் நினைவிழந்த பிறகும் செல்லும் பவர், அதைப் பதிய ஒரு முறை, முகவர் ஆண்டுதோறும் கோட்டாட்சியரிடம் கணக்குக் காட்டும் கட்டாயம்: இந்த மூன்றும் அடங்கிய திருத்த மசோதா எப்போது வரும் என்று திருத்தணித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அடுத்த கூட்டத்தொடரில் கேட்க வேண்டும். அவர் கேட்கும்படி, நாம் அவரைக் கேட்க வேண்டும்.